உகாண்டாவுக்குத் தொண்டு செய்யப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

வடக்கு உகாண்டாவில் குலு பக்கம் ஒரு மருத்துவமனையில் தன்னார்வச் செவிலியராக இருந்ததைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: நாங்களும் போகலாமா, போனால் பத்திரமாகத் திரும்பி வருவோமா? பலருக்கும் பயன்படும் கேள்விகளாகப் பார்த்து எடுத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, நாகர்கோவிலில் வார்டு வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவிலியர். மாத்திரை, தடுப்பூசி பற்றி இங்கே எழுதுவதை உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிஸ்டர், நான் பி.காம். முடித்திருக்கிறேன். உகாண்டாவில் ஓர் அனாதை இல்லத்தில் இரண்டு மாதம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் தொண்டு வேலை என்று ஒரு நிறுவனம் விளம்பரம் செய்திருக்கிறது. ஒன்றேகால் லட்சம் கட்டச் சொல்கிறார்கள், விமான டிக்கெட் தனி. சுற்றுலா விசாவே போதும் என்கிறார்கள். நம்பலாமா?
– கோவை வாசகி ஒருவர்

பணம் கேட்கிறார்கள் என்பதாலேயே ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது மகளே. நீ தங்க, சாப்பிட, உன்னைக் கவனித்துக்கொள்ள ஓர் ஆள், எல்லாவற்றுக்கும் அங்கே செலவு இருக்கிறது. ஆனால் அந்த ஒன்றேகால் லட்சத்தில் எவ்வளவு உகாண்டாவில் இருக்கும் இல்லத்துக்குப் போகிறது, எவ்வளவு இங்கே இருக்கும் அலுவலகத்தில் நிற்கிறது என்று எழுத்தில் கேள். நேர்மையானவர்கள் சொல்லிவிடுவார்கள். "அதெல்லாம் வந்து பேசிக்கலாம்" என்றால் போகாதே.

இரண்டாவது விஷயம் விசா. சுற்றுலா விசாவில் போய் வேலை செய்ய உகாண்டாவில் அனுமதி இல்லை. சம்பளம் வாங்காத தொண்டும் அங்கே வேலைதான். அதற்கு வேலை அனுமதியோ, குறுகிய காலத்துக்கான சிறப்பு அனுமதிச் சீட்டோ வேண்டும். உன்னை வரவழைக்கிற அங்குள்ள நிறுவனம்தான் அதற்கு ஏற்பாடு செய்யவேண்டும். "சுற்றுலா விசாவே போதும்" என்று ஒரு நிறுவனம் சொல்கிறது என்றால், மாட்டினால் நீ மாட்டிக்கொள் என்று சொல்கிறது. அதிகாரி வந்து கேட்கும்போது அபராதம் கட்டுவதும் நாட்டை விட்டு வெளியேற்றப்படுவதும் நீதான், அவர்கள் இல்லை.

மூன்றாவது விஷயத்தைச் சொன்னால் உனக்கு வருத்தமாக இருக்கும், ஆனாலும் சொல்லியே ஆகவேண்டும். அனாதை இல்லத்துக்குப் போகாதே. இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து பணத்தோடு தொண்டர்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும், ஏழைக் குடும்பத்திலிருந்து "படிக்க வைக்கிறோம்" என்று பிள்ளையைப் பிரித்துக் கொண்டுவந்து இல்லத்தை நிரப்புகிறார்கள். நேபாளத்திலும் கம்போடியாவிலும் இது நடந்திருக்கிறது, யுனிசெஃப் இதைப் பற்றித் தொடர்ந்து எச்சரித்திருக்கிறது. ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமை முறைக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தபோது, இப்படிப் பிள்ளைகளை இல்லங்களுக்குக் கடத்துவதையும் அந்தக் கணக்கில் சேர்த்துப் பேசியது. சரி, இல்லம் நல்ல இல்லம் என்றே வைத்துக்கொள். இரண்டு மாதம் உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கிய பிள்ளையை விட்டுவிட்டு நீ வந்துவிடுவாய், அடுத்த மாதம் இன்னொரு அக்கா வருவாள், அவளும் போவாள். அந்தப் பிள்ளை எத்தனை முறைதான் பிரிவைத் தாங்கும்?

உனக்குக் கணக்கு தெரியும். ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு, பள்ளி அலுவலகத்துக்கு, சிறு மருத்துவமனையின் மருந்துக் கிடங்குக்குக் கணக்கு எழுதவும், அங்கே இருப்பவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்கவும் ஆள் வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட வேலையாகப் பார்த்துத் தேடு. ஐக்கிய நாடுகள் தன்னார்வலர் அமைப்பு 1970-இல் தொடங்கப்பட்டது, தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரம். அவர்கள் விண்ணப்பத்துக்கோ தேர்வுக்கோ பணம் வாங்குவதில்லை. தேர்ந்தெடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களுக்கு மாதாமாதம் வாழ்க்கைச் செலவுக்குப் பணமும் தருகிறார்கள். ஐ.நா. பெயரைச் சொல்லி யாராவது உன்னிடம் பணம் கேட்டால் அத்தோடு போனை வைத்துவிடு.

என் மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்து இரண்டு வருட அனுபவம் உள்ளவள். உகாண்டாவில் ஒரு மிஷன் மருத்துவமனைக்குத் தனியாகப் போகிறேன் என்கிறாள். தடுக்க மனமில்லை, அனுப்பவும் தைரியம் வரவில்லை. நான் என்னென்ன பார்க்க வேண்டும்?
– விருதுநகர் வாசகர்

அண்ணாச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். தடுக்க மனமில்லை என்றீர்களே, அதுவே பெரிய விஷயம். பயப்படுவதோடு நிற்காமல் விவரம் கேளுங்கள்.

முதலில், அங்கே உங்கள் மகளுக்குப் பொறுப்பு யார்? பெயர், பதவி, போன் எண் மூன்றும் உங்கள் கையில் இருக்கவேண்டும். விமானம் ஏறுவதற்கு முன் அந்த ஆளோடு நீங்களே வீடியோவில் ஒருமுறை பேசிவிடுங்கள். உகாண்டாவில் ஆட்சி மொழி ஆங்கிலம், உங்களுக்கு ஆங்கிலம் சரளமாக வராவிட்டாலும் மகள் பக்கத்திலிருந்து சொல்லித்தரட்டும். மகளை அனுப்புகிற தகப்பன் பேச விரும்புகிறார் என்றால் நல்ல மருத்துவமனை சந்தோஷப்படும்.

அப்புறம் அங்கே போய் இறங்கும் நாளின் இரவு. விமானம் இறங்குவது எண்டெபேயில், விக்டோரியா ஏரிக்கரையில். தலைநகர் கம்பாலா அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர். குலுவுக்குக் கம்பாலாவிலிருந்து இன்னும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். எந்த நேரத்தில் இறங்கினாலும் அன்று இரவே வடக்கே கிளம்பக் கூடாது. அந்த நெடுஞ்சாலையில் இருட்டில் பின்விளக்கு இல்லாத லாரிகள் நிற்கும். எண்டெபேயிலோ கம்பாலாவிலோ தங்கிவிட்டு, காலையில் மருத்துவமனை அனுப்பும் வண்டியில் போகட்டும். பெயர்ப்பலகையோடு யார் வருகிறார், வண்டி எண் என்ன என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும்.

உங்களைப் போன்ற பெற்றோர் கொள்ளை, கடத்தல் என்று பயப்படுகிறீர்கள். நான் வார்டில் பார்த்தவரை வெளியூர்க்காரர்களைப் படுக்கையில் போட்டவை இரண்டுதான்: காய்ச்சலும், போடா போடாவும். போடா போடா என்றால் வாடகை பைக். நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி முக்குக்கு முக்கு நிற்கும், கையைக் காட்டினால் ஏற்றிக்கொள்ளும். கம்பாலாவின் முலாகோ பெரியாஸ்பத்திரியில் எலும்பு முறிந்து கிடப்பவர்களில் நிறையப் பேர் இந்த பைக்கில் அடிபட்டவர்கள். உங்கள் மகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: ஹெல்மெட் இல்லாமல் ஏறக் கூடாது, இருட்டின பிறகு ஏறவே கூடாது. செயலியில் கூப்பிட்டால் ஓட்டுநர் பெயரும் பதிவாகும், ஹெல்மெட்டும் கொண்டுவருவார். நாலு பேரை ஏற்றிக்கொண்டு போகும் பைக்கைப் பார்த்து அங்கே யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள், அதனால் நாமும் பழகிவிடுவோம். அந்தப் பழக்கம் வரக் கூடாது.

காப்பீடு எடுக்கும்போது தாளைத் திருப்பி, எதற்கெல்லாம் பணம் கிடைக்காது என்று போட்டிருக்கும் பகுதியை வாசியுங்கள். பைக் விபத்து அங்கே இருக்கிறதா? தன்னார்வ வேலை, அதிலும் மருத்துவமனை வேலை இருக்கிறதா? பல சுற்றுலாக் காப்பீடுகளில் இரண்டுமே இருக்கும். அவசரத்தில் வேறு நாட்டுக்கு விமானத்தில் கொண்டுபோகும் செலவைக் காப்பீடு ஏற்கிறதா என்றும் பாருங்கள். மூளையில் அடி, பெரிய அறுவை என்றால் அங்கிருந்து பக்கத்து நாடான கென்யாவின் நைரோபிக்குத்தான் கொண்டுபோவார்கள். ஆம்ரெஃப் என்ற அமைப்பின் பறக்கும் மருத்துவர் சேவை 1957-இல் தொடங்கியது, நைரோபியிலிருந்து இதற்காகவே விமானங்கள் வைத்திருக்கிறார்கள். அந்தச் செலவைக் கையிலிருந்து கட்ட நம்மால் ஆகாது.

கம்பாலாவில் இந்தியத் தூதரகம் இருக்கிறது. போய்ச் சேர்ந்ததும் அங்கே பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பாஸ்போர்ட், விசா, தடுப்பூசி அட்டை, காப்பீடு எல்லாவற்றுக்கும் நகல் ஒன்று உங்களிடம், ஒன்று அவள் பெட்டியில், ஒன்று மின்னஞ்சலில் இருக்கட்டும். தினமும் போன் பண்ணு என்று கட்டாயப்படுத்தாதீர்கள், குலு பக்கம் மின்சாரமும் சிக்னலும் அவள் கையில் இல்லை. வாரத்தில் இந்தக் கிழமை, இந்த நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தவறினால் மறுநாள் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். இரவெல்லாம் விழித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

என்னென்ன தடுப்பூசி போடவேண்டும்? எவ்வளவு நாளுக்கு முன்?
– சென்னை வாசகர்

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி இல்லாமல் உகாண்டாவுக்குள் விடமாட்டார்கள். அங்கிருந்து திரும்பி வரும்போது அந்த ஊசி போட்டதற்கான அட்டை இல்லையென்றால் நம் ஊர் விமான நிலையத்திலும் பிடித்து, ஆறு நாள்வரை தனிமையில் வைப்பார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். வேறு மருத்துவமனையில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அரசு அங்கீகரித்த மையத்தின் மஞ்சள் அட்டைதான் செல்லும். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். 2016 ஜூலையிலிருந்து ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். இது உயிருள்ள கிருமியிலிருந்து செய்த ஊசி. முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், அறுபது தாண்டியவர்கள் முதலில் மருத்துவரிடம் பேசவேண்டும்.

மருத்துவ வேலைக்குப் போகிறவர்கள் ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள். ஹெபடைடிஸ் பி ஊசி முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்று மூன்று தவணை. படிக்கும்போது போட்டுவிட்டேன் என்று விட்டுவிடாமல், உடம்பில் எதிர்ப்பு சக்தி உண்டாகியிருக்கிறதா என்று ரத்தம் கொடுத்துப் பாருங்கள். போட்டும் ஏறாதவர்கள் உண்டு. ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு, டெட்டனஸ் மூன்றும் எல்லாருக்கும் வேண்டும். வடக்கே போகிறவர்கள் மூளைக்காய்ச்சல் (மெனிங்கோகாக்கல்) தடுப்பூசி பற்றியும் கேளுங்கள்.

வெறிநாய்க் கடிக்கான ஊசியைப் பலரும் நினைப்பதே இல்லை. முன்கூட்டியே இரண்டு தவணை போட்டிருந்தால், கடிபட்ட பிறகும் இரண்டு தவணை ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசி தேவைப்படாது. அந்த இம்யூனோகுளோபுலின்தான் உள்ளூர் மருத்துவமனைகளில் கிடைப்பது கஷ்டம். குலு போகும் வழியில் கரூமா என்ற இடத்தில் நைல் நதிப் பாலம் வரும். அங்கே பபூன் குரங்குகள் ரோட்டோரம் வரிசையாக உட்கார்ந்திருக்கும். வாழைப்பழம் நீட்டாதீர்கள், கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். எது கடித்தாலும் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

சென்னையில் பிறந்து வளர்ந்தவன் நான். சின்ன வயதில் மலேரியா வந்து போயிருக்கிறது. எனக்கு மலேரியா மாத்திரை தேவையா? வாரக்கணக்கில் சாப்பிட்டால் உடம்புக்குக் கெடுதல் என்கிறார்கள்.
– வட சென்னை வாசகர்

கட்டாயம் தேவை தம்பி. நம் சென்னையில் வருவது பெரும்பாலும் விவாக்ஸ் வகை. உகாண்டாவில் பெரும்பாலும் ஃபால்சிபாரம். அது மூளைக்கு ஏறும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், இரண்டே நாளில் ஆளைச் சாய்த்துவிடும். சின்ன வயதில் இங்கே வந்த காய்ச்சல் உனக்கு அங்கே எந்தக் காப்பும் தராது. "நாங்க பார்க்காத கொசுவா" என்று மாத்திரையைப் பெட்டியிலேயே வைத்திருந்த நம் ஊர்ப் பிள்ளைகளை நான் குளுக்கோஸ் ஏற்றிக் கவனித்திருக்கிறேன். உள்ளூர் நர்ஸ் ஒருத்தி இரவெல்லாம் அந்தப் பையன் பக்கத்தில் நின்றாள். அவள் பார்த்திருக்க வேண்டிய குழந்தைகள் வார்டு அந்தப் பக்கம் நிறைந்து கிடந்தது. தொண்டு செய்யப் போகிறவர் தன் உடம்பைப் பார்த்துக்கொள்வதும் தொண்டில் ஒரு பாகம் என்று நான் சொல்வது இதனால்தான்.

மாத்திரை மூன்று வகை. அட்டோவாகுவோன்-ப்ரோகுவானில் போவதற்கு ஒன்றிரண்டு நாள் முன் தொடங்கி, திரும்பிய பிறகு 7 நாள் வரை தினமும் ஒன்று. நம் ஊரில் விலை கூடுதல், எல்லாக் கடையிலும் இருக்காது. டாக்சிசைக்ளின் மலிவு. ஒன்றிரண்டு நாள் முன் தொடங்கி, திரும்பி நாலு வாரம் வரை தினமும். சாப்பிட்ட பிறகு ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக் கூடாது, நெஞ்சைப் புண்ணாக்கிவிடும். வெயில் பட்டால் தோல் சிவக்கும், தொப்பி வைத்துக்கொள். கர்ப்பிணிகளுக்கு ஆகாது. மெஃப்லோகுவின் வாரம் ஒன்று, இரண்டு வாரமாவது முன்பே தொடங்க வேண்டும். மனச்சோர்வு, வலிப்பு இருந்தவர்கள் அதைத் தொடக் கூடாது. எதை எடுத்தாலும் திரும்பி வந்ததும் நிறுத்திவிடாதே. கிருமி ஈரலில் ஒளிந்திருந்து பிறகு ரத்தத்துக்கு வரும், அதற்காகத்தான் அந்தக் கடைசி நாட்கள்.

மாத்திரை எடுத்தாலும் கொசுவலை வேண்டும். மலேரியா கொசு கடிப்பது பொழுது சாய்ந்ததிலிருந்து விடிகிற வரை. மருந்து தோய்த்த வலையை மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டுப் படு.

நான் மூன்றாம் ஆண்டு நர்சிங் மாணவி. ஆப்பிரிக்காவில் மாணவர்களையே பிரசவம் பார்க்க விடுவார்கள், தையல் போட விடுவார்கள், நல்ல அனுபவம் கிடைக்கும் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
– சேலம் வாசகி

விடுகிற இடங்கள் இருக்கலாம். நீ செய்யக் கூடாது.

இங்கே உன் ஆசிரியை பக்கத்தில் நிற்காமல் உன்னால் எதைச் செய்ய முடியாதோ, அதை அங்கேயும் செய்யக் கூடாது. அங்கே பிரசவ வலியில் படுத்திருக்கிற பெண் உன் பயிற்சிக்காக வந்தவள் இல்லை. ஜின்ஜா நகரில், மருத்துவப் படிப்பு இல்லாத ஓர் அமெரிக்கப் பெண் ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளுக்காக ஒரு மையம் நடத்திவந்தார். நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கே இறந்தார்கள். 2019-இல் பிள்ளையைப் பறிகொடுத்த இரண்டு தாய்மார்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர் தவறு செய்யவில்லை என்றே சொல்லிவந்தார், 2020-இல் பணம் கொடுத்து வழக்கு சமரசமாக முடிந்தது. நல்ல மனசோடுதான் அவர் அங்கே போயிருப்பார் என்று நான் நம்புகிறேன். ஊட்டச்சத்து குறைந்து கிடக்கும் குழந்தைக்கு டிரிப்ஸை ஒரு அளவு கூட்டிவிட்டாலே இதயம் தாங்காது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் நீ படித்துக்கொண்டிருக்கிறாய்.

படிப்பை முடித்து, பதிவு வாங்கி, இரண்டு வருஷம் வார்டில் நின்றுவிட்டுப் போ மகளே. அப்போதும் உகாண்டாவின் செவிலியர், மகப்பேறு உதவியாளர் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு வாங்காமல் நோயாளியைத் தொடாதே. இந்தப் பதிவைப் பற்றிப் பேச்சே எடுக்காத மருத்துவமனைக்குப் போகாதே.

ஊசி குத்திக்கொண்டால் என்ன செய்வது என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை எங்கே இருக்கிறது, ராத்திரி சாவி யாரிடம்? குத்திய இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. 28 நாள் சாப்பிட வேண்டும். வெட்கப்பட்டு மறைக்கிறவர்கள்தான் ஆபத்தில் மாட்டுகிறார்கள். கையுறை தட்டுப்பாடு அங்கே உண்டு, உன் அளவுக்கு இரண்டு பெட்டி எடுத்துப் போ.

சைவம் மட்டும் சாப்பிடுவேன். சமாளிக்க முடியுமா?
– கும்பகோணம் வாசகி

தாராளமாக. மட்டோக்கே என்று வாழைக்காயை அவித்து மசித்துத் தருவார்கள், சோள மாவுக் களி, பீன்ஸ், நிலக்கடலைக் குழம்பு, தண்டுக்கீரை மாதிரி ஒரு கீரை எல்லாம் தினச் சாப்பாடு. 1896-இலிருந்து 1901 வரை கென்யக் கடற்கரையின் மொம்பாசாவிலிருந்து உகாண்டாவை நோக்கி ரயில்பாதை போட இந்தியாவிலிருந்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கூட்டிப்போனார்கள். பின்னால் வியாபாரிகளும் போனார்கள். அதனால் சப்பாத்தியும் சமோசாவும் தெருவுக்குத் தெரு இருக்கும். சூடாக இருப்பதைச் சாப்பிடுங்கள், கொதித்த தண்ணீரைக் குடியுங்கள், வெட்டி வைத்த பழத்தை வாங்காதீர்கள். ஒரு பாட்டில் ஊறுகாய் போதும், மளிகைக் கடையையே தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

பெட்டியில் என்ன எடுத்துப் போவது? வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரைகளை ஏழைகளுக்குக் கொடுக்கலாமா?
– தஞ்சாவூர் வாசகர்

மிச்ச மாத்திரை வேண்டவே வேண்டாம். தேதி முடிந்தது, பாதி அட்டை, பெயர் புரியாதது என்று குவிந்து, அதைப் பிரிக்க ஒரு ஆளும் எரிக்க ஓர் இடமும் தேடவேண்டி வரும். என்ன வேண்டும் என்று மருத்துவமனையிடமே கேளுங்கள்.

உங்கள் சொந்த மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு, போகும் நாட்களைவிடச் சற்றுக் கூடுதலாக, கையில் வைத்திருக்கும் பையில் எடுங்கள். பிளக் மூன்று தட்டைக் கால் உள்ள பிரிட்டிஷ் வகை, அதற்கான அடாப்டர் ஒன்று. தலையில் மாட்டும் டார்ச். டாலர் கொண்டுபோனால் கிழியாத, மடிப்பில்லாத புது நோட்டு, பழைய வருஷத்து நோட்டுக்கு விலை குறைப்பார்கள், சிலர் வாங்கவே மாட்டார்கள். ராணுவப் பச்சைப் புள்ளி போட்ட பேன்ட், பனியன் எதுவும் வேண்டாம், சாதாரண ஆட்கள் அதைப் போடுவது அங்கே குற்றம்.

இஸ்திரிப் பெட்டி பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஈரத் துணியில் முட்டையிடும் ஒரு வகை ஈ அங்கே உண்டு. அந்தத் துணியைப் போட்டால் புழு தோலுக்குள் போய்க் கொப்புளமாக வீங்கும். துணியை வீட்டுக்குள் காயப்போடுங்கள், முடியாவிட்டால் உள்ளாடை உட்பட எல்லாவற்றையும் சூடாக இஸ்திரி போட்டு உடுத்துங்கள். மண் தரையில் வெறுங்காலோடு நடந்தால் கால் விரலுக்குள் புகும் தெள்ளுப்பூச்சியும் இருக்கிறது, செருப்பு போதாது, ஷூ வேண்டும். விக்டோரியா ஏரியும் நைல் நதியும் எவ்வளவு அழகாக இருந்தாலும் இறங்கிக் குளிக்காதீர்கள். நத்தையிலிருந்து வரும் ஒரு புழு தோல் வழியாக உள்ளே போகும்.

தாய்லாந்தில் அகதிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் கற்றுத்தரும் தொண்டு வேலை, டிக்கெட் இலவசம், கையில் செலவுக்கும் பணம் என்று டெலிகிராமில் ஒருவர் கூப்பிடுகிறார். டைப்பிங் வேகம் மட்டும் கேட்டார். போகலாமா?
– திருச்சி வாசகர்

போகாதே தம்பி. தொண்டு அமைப்பு என்றால் உன் நடத்தைச் சான்றிதழ், பிள்ளைகளோடு பழகிய அனுபவம், இரண்டு பேர் சிபாரிசு கேட்கும். டைப்பிங் வேகம் மட்டும் கேட்கிறவன் வேறு எதற்கோ ஆள் பிடிக்கிறான். பாங்காக்கில் இறக்கி, எல்லை ஊரான மே சோட் வழியாக ஆற்றைக் கடக்கவைத்து, மியான்மரின் மியாவாடியில் அடைத்து இணைய மோசடி செய்ய வைத்தார்கள். 2022-இல் வெளியுறவு அமைச்சகம் இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது, அந்த வருஷமே நம் தமிழ்ப் பிள்ளைகள் சிலரை மீட்டுக் கொண்டுவந்தார்கள். பாஸ்போர்ட் நகலை அந்த ஆளுக்கு அனுப்பியிருந்தால் உள்ளூர் சைபர் கிரைம் காவலில் சொல்லி வை. சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகம் இருக்கிறது. தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையும் இருக்கிறது. வெளிநாட்டு வாய்ப்பு எதுவானாலும் அங்கே ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பதில் சொல்.

அங்கே பிள்ளைகளோடு எடுத்த படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தால் தப்பா?
– ஈரோடு வாசகி

உங்கள் பிள்ளை வார்டில் சட்டையில்லாமல் படுத்திருக்கும்போது, முன்பின் தெரியாத ஒருவர் படம் எடுத்து ஊருக்கெல்லாம் காட்டினால் சம்மதிப்பீர்களா? தாயிடம் கேட்டு, அவர் மனதாரச் சரி என்றால் எடுங்கள். நோயாளிகளை எடுக்கவே கூடாது.

என் மகன் கம்பாலா போகிறான். எபோலா வந்துவிடுமோ என்று தூக்கம் வரவில்லை.
– தூத்துக்குடி வாசகி

அக்கா, பயம் நியாயம்தான். எபோலா காற்றில் பரவுவது இல்லை. நோய் வந்தவரின் ரத்தம், வாந்தி, வியர்வை, இறந்தவரின் உடல், இவற்றைத் தொடுகிறவர்களுக்குத்தான் வரும். அதனால் அது முதலில் பிடிப்பது கவனித்துக்கொள்ளும் குடும்பத்தையும் மருத்துவமனைக்காரர்களையும். 2000-ஆம் ஆண்டு குலுவில் வந்தபோது 224 பேர் இறந்தார்கள். லாச்சோர் மருத்துவமனையின் தலைமை மருத்துவர் மாத்யூ லுக்வியா, இது சாதாரணக் காய்ச்சல் இல்லை என்று கண்டுபிடித்துச் சொன்னவர், தனிவார்டில் தன் செவிலியர்களோடு நின்றவர், அந்த டிசம்பர் 5-ஆம் தேதி அதே நோயில் போய்விட்டார். அவர் பெயரைச் சொல்லும்போது குலுவில் இன்றும் குரல் தழுதழுக்கும். 2022-இல் முபெண்டே பக்கம் வந்தது, 2023 ஜனவரியில் முடிந்தது. 2025 ஜனவரியில் கம்பாலாவில் முதலில் இறந்தவர் முலாகோ மருத்துவமனைச் செவிலியர். இந்த மூன்று முறையும் வந்தது சூடான் வகை. அதற்கு அங்கீகாரம் பெற்ற தடுப்பூசி இல்லை.

உங்கள் மகன் கிளம்பும் வாரம் உலக சுகாதார நிறுவன அறிவிப்பைப் பாருங்கள். நோய் நடப்பில் இருந்தால் பயணத்தைத் தள்ளிவைக்கட்டும். மருத்துவப் பயிற்சி இல்லாத ஆள் அந்த நேரத்தில் போய் உதவ ஒன்றும் இல்லை. நோய் இல்லாத காலம் என்றால், மருத்துவமனைகளுக்கும் சாவு வீடுகளுக்கும் தேவையில்லாமல் போகாமல், கையைச் சோப்பு போட்டுக் கழுவினால் போதும். நீங்கள் தூங்கலாம்.

உகாண்டாவிலிருந்து திரும்பி மூன்று வாரம் ஆகிறது. இரண்டு நாளாக விட்டு விட்டுக் காய்ச்சல். பக்கத்து கிளினிக்கில் வைரல் என்று பாரசிட்டமால் கொடுத்தார்கள். மலேரியா மாத்திரையை ஊருக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். என்ன செய்யட்டும்?
– மதுரை வாசகர்

இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் ஆசிரியரிடம் உங்கள் எண்ணை வாங்கி அன்றைக்கே பேசிவிட்டேன், நீங்கள் பெரியாஸ்பத்திரிக்குப் போனதும் தெரியும். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவருக்குக் காய்ச்சல் என்றால், வேறு எதையும் நினைப்பதற்கு முன் மலேரியாவைப் பார்க்க வேண்டும். ஃபால்சிபாரம், கொசு கடித்து ஒரு வாரம் கழித்துத் தொடங்கி முதல் ஒன்றிரண்டு மாதத்துக்குள் வருவதுதான் அதிகம், ஆனால் ஒரு வருஷம் வரைக்கும் மறக்கக் கூடாது. டாக்டர் முன் உட்கார்ந்ததும் முதல் வாக்கியமே "நான் இந்தத் தேதியில் உகாண்டாவிலிருந்து வந்தேன்" என்று இருக்கட்டும். அவர் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள், நம் ஊர் கிளினிக்கில் கூட்டம் அப்படி. ரத்தத்தைக் கண்ணாடித் தட்டில் தடவிப் பார்க்கும் சோதனை அன்றைக்கே செய்யவேண்டும். முதல் தடவை இல்லை என்று வந்தாலும், காய்ச்சல் விடவில்லை என்றால் 12 மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் மறுபடி எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் மூன்றாவது தடவையும். வாந்தி, மயக்கம், மஞ்சள் கண், சிறுநீர் கறுப்பு, பேச்சில் குழறல், இதில் எது வந்தாலும் கிளினிக்குக்குப் போகவேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு நேரே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள், தடுப்பூசி அட்டையையும் நீங்கள் எடுத்த மலேரியா மாத்திரையின் அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.